மறுவாழ்வு இல்லத்தில் மாட்டுத் தொழுவம் எதற்கு?

"குணமாகட்டும் என்று அனுப்பினோம், மாடு மேய்க்க விட்டிருக்கிறார்களே!" குடியிலோ போதைப்பொருளிலோ சிக்கிய பிள்ளையைக் கிறிஸ்தவ மறுவாழ்வுப் பண்ணை ஒன்றில் சேர்த்துவிட்டு, முதன்முறை பார்க்க வரும் பெற்றோர் இப்படிக் கேட்பதுண்டு. சரியாகப் படிக்காத பிள்ளையைத் திட்டும்போதும் நாம் இதே மாட்டைத்தான் இழுக்கிறோம். அதனால் வருத்தம் இரட்டிப்பாகிறது. படித்தவன், பொறுப்பான வேலையில் இருந்தவன், முழங்கால்வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு சாணம் அள்ளுகிறான். இதில் சிகிச்சை எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்விதான். இந்த முறையைப் பற்றி இதற்கு முன் எதுவும் கேள்விப்படாதவர்களை மனத்தில் வைத்து இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

போதையிலிருந்து மீள விரும்புகிறவர்கள் சில மாதங்கள், பல இடங்களில் ஓராண்டு, ஒரு பண்ணையில் ஒன்றாகத் தங்குகிறார்கள். விடிவதற்குள் எழுந்து பால் கறக்கிறார்கள். பிறகு ஜெபமும் வேத வாசிப்பும். அதன்பின் ஆட்டுப்பட்டியைக் கூட்டுவது, கோழிகளுக்குத் தீவனம் வைப்பது, காய்கறிப் பாத்தியில் களை எடுப்பது என்று வேலை பகிர்ந்து தரப்படும். பிற்பகலில் ஆலோசகருடன் தனியாகவோ குழுவாகவோ பேச்சு. மாலையில் மறுபடி கால்நடைகள், ஆராதனை, உறக்கம். இடத்துக்கு இடம் நேரமும் ஒழுங்கும் மாறலாம். ஜெபம், உழைப்பு, கூட்டு வாழ்க்கை, ஆலோசனை ஆகிய நான்கும் ஒரே கயிற்றின் புரிகளாகத் திரிக்கப்பட்டிருப்பது மட்டும் மாறுவதில்லை. அவற்றில் உழைப்பு என்ற புரியை, அதிலும் கால்நடைப் பராமரிப்பை, இங்கே பிரித்துப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்த பழக்கம்

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குமுறையின் 48ஆம் அதிகாரம், சோம்பல் ஆன்மாவின் எதிரி என்று தொடங்குகிறது. குறித்த வேளையில் கைவேலை, குறித்த வேளையில் வாசிப்பு என்று அது நாளைப் பகுத்துத் தருகிறது. அந்தத் துறவியர் போதைக்கு அடிமைப்பட்டவர்கள் அல்லர். ஆனால் மண்வெட்டியையும் ஜெபப் புத்தகத்தையும் ஒரே கையில் கொடுக்கும் கிறிஸ்தவ மரபு அங்கேதான் உருப்பெற்றது.

விலங்குகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர்களில் குவேக்கர் என்ற சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் முன்னோடிகள். 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பவரின் முயற்சியால் மனநோயாளிகளுக்காக ஓர் இல்லம் திறக்கப்பட்டது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைப்பது சாதாரணமாக இருந்த காலம் அது. அந்த இல்லத்தின் முற்றங்களில் முயல்களையும் கோழிகளையும் விட்டிருந்தார்கள். தன்னைவிட எளிய உயிரோடு பழகும்போது மனிதனுக்குள் இருக்கும் கனிவு எழும்பும் என்று அவர்கள் நம்பினார்கள். டியூக்கின் பேரன் சாமுவேல் 1813இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

குடிகாரர்களையும் வேலையற்றவர்களையும் நகரத்துச் சந்துகளிலிருந்து நிலத்துக்கு அழைத்துப்போகும் திட்டத்தை இரட்சணிய சேனையின் நிறுவனர் வில்லியம் பூத் 1890இல் முன்வைத்தார். அடுத்த ஆண்டே எசெக்ஸ் பகுதியில் ஹாட்லி பண்ணை தொடங்கியது. அமெரிக்காவில் 1897இல் வில்லியம் ராஸ், தாமே குடியிலிருந்து மீண்டவர், நியூ ஜெர்சியில் குடிநோயாளிகளுக்காக ஓர் இரக்கக் குடியிருப்பை ஏற்படுத்தினார்.

நம் காலத்தில் பரவலாகப் பேசப்படுவது பிரேசிலின் 'நம்பிக்கைப் பண்ணை'. 1983இல் குவராத்திங்கெட்டா என்ற ஊரில் பிரான்சிஸ்கன் சபைக் குருவான ஹான்ஸ் ஸ்டாப்பலும், அவருடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்த நெல்சன் ஜோவனெல்லி என்ற இளைஞரும் தொடங்கினார்கள். தெருமுனையில் போதைப்பொருள் புழங்கிய இளைஞர்களோடு நெல்சன் சாதாரணமாக நட்புக்கொண்டதில் ஆரம்பித்த கதை அது. உழைப்பு, கூட்டு வாழ்வு, ஆன்மிகம் என்ற மூன்று தூண்களின்மேல் ஓராண்டு வாழ்க்கை. இன்று பல நாடுகளில் அதன் கிளைகள் இருக்கின்றன. 2007இல் போப் பதினாறாம் பெனடிக்ட் அங்கே நேரில் போனார். அதே 1983இல்தான் இத்தாலியின் சலுத்சோவில் சகோதரி எல்வீரா பெத்ரோத்சி 'செனாக்கோலோ' சமூகத்தைத் தொடங்கினார். புதிதாக வருகிறவருக்கு, ஏற்கெனவே மீண்டுவரும் ஒருவரைக் 'காவல் தூதர்' என்று துணைக்கு வைப்பது அங்கே வழக்கம். முதல் நாட்களில் அவர் நிழல்போல் கூடவே இருப்பார். இந்தத் துணை முறையைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

தொழுவத்துக்கு முன் மருத்துவர்

மேலே போவதற்குமுன் ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் இருக்கும் குடும்பங்கள் இதைத்தான் தவற விடுகின்றன.

நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கடுமையான நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் காணும் குழப்பநிலை தோன்றலாம். தூக்க மாத்திரை வகைகளை நெடுங்காலம் விழுங்கியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இந்த நாட்களில் அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவரின் கண்காணிப்பு. "ஜெபிக்கிறோம், வேலை செய்தால் வியர்வையில் எல்லாம் இறங்கிவிடும்" என்று முதல் நாளே ஒருவர் கையில் மண்வெட்டியைக் கொடுக்கும் இடத்துக்கு உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள். இதை நயமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஜெபம் மருத்துவரோடு சண்டை போடாது.

உடல் நிதானத்துக்கு வந்தபின், மெலிந்த உடம்புக்கு ஏற்ற சிறு வேலையிலிருந்து தொடங்குவார்கள். கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றுவது, முட்டை பொறுக்குவது, இவ்வளவுதான். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கல்லீரல் கெட்டிருப்பவருக்குத் தொற்றைத் தாங்கும் சக்தி குறைவு என்பதால், கன்று போடும் நேரத்தில் கையுறை இல்லாமல் கிட்டே விடமாட்டார்கள். காய்ச்சாத பாலைக் குடிக்க விடமாட்டார்கள். புருசெல்லோசிஸ் என்ற தொற்று அந்த வழியாக வரும்.

வாயில்லா ஜீவன்

காலை ஐந்து மணி. பண்ணைக்கு வந்து ஒரு மாதமான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு தூக்கம் பிடிக்கவில்லை. குடியை விட்ட முதல் மாதங்களில் பலருக்கு அப்படித்தான். எரிச்சலோடு தொழுவத்துக்குள் வருகிறார். வாளியை ஓங்கித் தரையில் வைக்கிறார். அந்தச் சத்தத்தில் பசு ஓரெட்டு விலகி, வாலைச் சுழற்றுகிறது. மடியைக் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், முதல் பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுத் திரிதிரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், திரிந்திருந்தால் மடிநோய். எல்லாவற்றையும் அவசரத்தில் முடித்துவிட்டுக் காம்பைப் பிடிக்கிறார். மடி கனத்துத் தொங்குகிறது, வாளியில் விழுவதோ நாலு சொட்டு. இன்னும் அழுத்துகிறார். பசு காலை உதறுகிறது.

பக்கத்து மாட்டைக் கறந்துகொண்டிருந்த மூத்தவர் எழுந்து வருகிறார். "பால் இருக்கிறது தம்பி. உங்கள் கைக்குத்தான் கொடுக்கமாட்டேன் என்கிறாள். வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் முதுகில் சும்மா கையை வையுங்கள். உங்கள் மூச்சு நிதானப்படட்டும்."

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மடியை இதமாகத் தேய்க்கும்போது பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் மடியிலிருந்து காம்புக்கு இறங்குகிறது. பசு பயந்துவிட்டால் அட்ரினலின் சுரந்து அந்த இறக்கத்தைத் தடுத்துவிடுகிறது. கறப்பவரின் படபடப்பு பசுவின் உடம்பு வழியாகப் போய், வாளியில் குறைந்த பாலாக அவருக்கே திரும்பி வருகிறது. ஆலோசனை அறையில் "உங்கள் கோபம் மற்றவர்களைப் பாதிக்கிறது" என்று பத்து முறை கேட்டும் உள்ளே இறங்காத செய்தி, தொழுவத்தில் ஒரே காலையில் இறங்கிவிடும்.

போதைக்கு அடிமைப்பட்டவர் பல ஆண்டுகளில் தேறிய கலை ஒன்று உண்டு: மறைப்பது. தாயிடம் ஒரு காரணம், மனைவியிடம் ஒரு சத்தியம், மேலதிகாரியிடம் ஒரு காய்ச்சல். அந்தக் கலை மாட்டிடம் செல்லாது. தண்ணீர் வைத்ததாகச் சொல்லிவிட்டு வைக்காமல் விட்டால், மாலையில் காலித் தொட்டி காட்டிக்கொடுக்கும். வாயில்லா ஜீவனிடம் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. கை செய்ததற்கு மட்டுமே மதிப்பு. மறுபக்கம், அவருடைய பழைய கதையும் அதற்குத் தெரியாது. ஊரில் எல்லாரும் அவரைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்குமே, அது மாட்டின் கண்ணில் இல்லை. திருடியவரா, வீட்டை விற்றவரா, சிறைக்குப் போனவரா என்று அது கேட்பதில்லை. நேற்று மாலை தீவனம் வைத்த ஆள் என்று மட்டும் அறிந்துவைத்திருக்கிறது. வெட்கத்தில் குன்றிப்போன ஒருவருக்கு அந்தப் பார்வை எவ்வளவு பெரிய இளைப்பாறுதல் என்பதை, அந்த வெட்கத்தைச் சுமந்தவர்கள் சொன்னால்தான் புரியும்.

மூளையின் பக்கமிருந்தும் பார்க்கலாம். மதுவும் போதைப்பொருளும், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளை இயல்புக்கு மீறிய அளவில் கிளப்பிவிடுகின்றன. நாளடைவில் மூளை தன்னைக் காத்துக்கொள்ள அந்த இன்பத்துக்கான உணர்திறனையே குறைத்துக்கொள்கிறது. ஆகவே போதையை விட்ட பின் பல மாதங்களுக்கு எதிலும் ருசி இருக்காது. சாப்பாடு சப்பென்றிருக்கும், பாட்டு வெறும் சத்தமாகக் கேட்கும், பிள்ளையின் சிரிப்புகூட எட்டத்தில் நிற்கும். இந்த வறண்ட காலத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ருசி தானாகத் திரும்புவதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை ஒருவர் எதைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடப்பது? உற்சாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தாக வேண்டிய வேலை, கை எட்டும் தூரத்தில் முடிவு தெரியும் வேலை, அந்த இடைவெளிக்குப் பாலமாகிறது. வாளி நிறைந்தது, பட்டி சுத்தமானது, 12 முட்டை கிடைத்தது. சிறிய விஷயங்கள்தான். மூளை மறுபடி சிறிய விஷயங்களில் மகிழக் கற்க வேண்டியிருக்கும்போது, சிறியவையே மருந்து.

குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் அலைபோல் எழும்பி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும் இயல்புடையது. அந்த அரை மணி நேரத்தில் கை சும்மா இருக்கக் கூடாது. நாளைக்கு இருமுறை கறவை, இருமுறை தீவனம் என்ற ஒழுங்கு, அலை எழும் நேரத்தில் ஒருவரைத் தூக்கி நிறுத்த ஏதோ ஒரு வேலையைத் தயாராக வைத்திருக்கிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான காரணத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். பசு ஈன்றதும் கன்று சீம்பால் குடித்தாக வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவில் இருக்கும்போது கன்றுக்குப் போய்ச் சேருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கிறது. அதை ஏற்கும் திறன் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாள்தான் இருக்கும், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பிறந்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடக்கும் கன்றை ஒருவர் வைக்கோலால் துடைத்து, சூடேற்றி, விரலை வாயில் வைத்துச் சப்பப் பழக்கி, விடிவதற்குள் வயிறு நிறைய வைக்கிறார். பல வருடங்களாக அவரை யாரும் எதற்கும் நம்பியதில்லை. வீட்டுச் சாவியைக்கூடக் கொடுக்கவில்லை. இந்த இரவில் ஓர் உயிர் அவரை நம்பிக் கிடந்தது, அவர் வந்தார். 'நான் இல்லாவிட்டாலும் உலகம் நடக்கும், நான் இல்லாவிட்டால்தான் நன்றாக நடக்கும்' என்பது போதைக்கு அடிமைப்பட்டவர் உள்ளத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் வாசகம். தாம் யாருக்கோ தேவை என்று அவருக்கு மறுபடி தெரியவைப்பதுதான் இந்தப் பண்ணைகள் செய்யும் மிகப் பெரிய வேலை என்று நான் நம்புகிறேன்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பயிரின் பாடம் மெதுவானது. விதைத்துவிட்டு மனிதன் தூங்கி எழுகிறான், விதையோ அவனுக்குத் தெரியாத விதமாக முளைக்கிறது என்று மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை, உடனடி இன்பத்துக்குப் பழகிய ஒருவர் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து கற்கிறார். எருக்குழியில் போட்ட கழிவு மக்கி மண்ணாவதைப் பார்ப்பவருக்குத் தன் கடந்த காலத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

வயலில் இருந்த இரண்டு மகன்கள்

இதில் கிறிஸ்தவம் எங்கே வருகிறது? மாடு கறக்க எந்த மதமும் வேண்டாமே என்று கேட்கலாம். சரிதான். ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று ஆதியாகமம் சொல்கிறது. நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான் என்கிறது நீதிமொழிகள். ஆனால் இந்தப் பண்ணைகளில் அடிக்கடி வாசிக்கப்படுவது லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமைதான், காரணமும் வெளிப்படை. தகப்பனிடம் வாங்கிப்போன சொத்தைக் கரைத்த இளைய மகனுக்குப் புத்தி தெளிவது பன்றி மேய்க்கும் இடத்தில். போதையில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் பன்றிக்குத் தீவனம் சுமக்கும் ஒருவருக்கு அது பழங்கதையாகத் தோன்றுவதில்லை.

அதே அதிகாரத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரி இருக்கிறது. தம்பி திரும்பி வந்து விருந்து நடக்கும்போது, மூத்த மகன் எங்கே இருந்தான்? வயலில். வருடக்கணக்காக ஒழுங்காக உழைத்தவன் அவன். அந்த உழைப்பு அவனைத் தகப்பனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. வீட்டு வாசலிலேயே கோபித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேருமே பண்ணை வேலை செய்தவர்கள். ஒருவனுக்கு அந்த வேலைக்கு நடுவே கண் திறந்தது, மற்றவனுக்கு அது கணக்குப் புத்தகமானது.

இந்த வேறுபாட்டை மறந்துவிடும் பண்ணை தடம் புரளும். 'இவ்வளவு உழைத்தேன், ஆகவே எனக்கு மன்னிப்பு உண்டு' என்று ஒருவர் எண்ணத் தொடங்கினால், ஒரு நாள் சறுக்கும்போது மன்னிப்பும் போய்விட்டதாக நினைப்பார், அதோடு ஓடியும் போவார். கிருபை முதலில் வருகிறது, உழைப்பு அதற்குப் பதிலாக எழும் நன்றி என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை. நல்ல பண்ணைகளில் இதைப் போதகர் வாயால் சொல்வதோடு விடமாட்டார்கள். கறவையில் தவறு செய்தவருக்கும், பொய் சொல்லி மாட்டிக்கொண்டவருக்கும் அதே மேசையில் அதே சாப்பாடு இருக்கும். சறுக்கி விழுந்து திரும்பி வருகிறவரிடம் லூக்கா 13இல் வரும் தோட்டக்காரனின் வார்த்தைகளைத்தான் சொல்வார்கள்: காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன எஜமானிடம், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று அவன் கெஞ்சுகிறான்.

பண்ணையால் முடியாதது

இந்த முறையை நேசிப்பதால்தான் இதன் எல்லையையும் சொல்கிறேன். 1935இல் அமெரிக்க அரசு கென்டக்கியின் லெக்சிங்டன் அருகே போதைக்கு அடிமைப்பட்டவர்களுக்காகச் சுமார் ஆயிரம் ஏக்கரில் ஒரு பெரிய நிறுவனத்தைத் திறந்தது. பால் பண்ணை, வயல், எல்லாம் இருந்தன. ஆனால் அங்கிருந்து வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் போதைக்கே திரும்பினார்கள். நிலமும் மாடும் தம்மளவில் ஒருவரை மீட்டுவிடுவதில்லை. வீடு திரும்பியபின் யார் துணை, பழைய நண்பர் கூப்பிடும்போது யாருக்குப் போன் செய்வது என்ற ஏற்பாடு இல்லாமல் போனால், பண்ணையில் கழித்த ஓராண்டு ஒரு நல்ல நினைவாகச் சுருங்கிவிடும்.

ஆய்வுகளைப் பொறுத்தவரை, நோர்வேயில் மனநோயாளிகள் 90 பேரை வைத்து நடத்திய ஒன்று எனக்குப் பிடித்தமானது. அவர்களில் ஒரு பகுதியினர் 12 வாரங்கள் பண்ணை விலங்குகளோடு வேலை செய்தார்கள். 12 வாரம் முடிந்த கையோடு பார்த்தபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதுதான், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை அவர்களுக்குக் கூடியிருந்தது. அந்த ஆய்வு போதையைப் பற்றியதல்ல. அதை அப்படியே இங்கே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் பலன் தாமதமாக வரலாம் என்ற செய்தி, இரண்டே மாதத்தில் மகன் மாறவில்லையே என்று துடிக்கும் பெற்றோருக்கு உதவும்.

ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகள் இவர்களுடைய மரணத்தைக் குறைக்கின்றன என்பது நன்கு நிறுவப்பட்டது. மருந்து எடுப்பதே விசுவாசக் குறைவு என்று தடுக்கும் இல்லங்கள் இருக்கின்றன. அந்த எண்ணம் தவறு என்பது என் உறுதியான கருத்து. மாதக்கணக்கில் போதைப்பொருளை விட்டிருந்தவர் பழைய அளவையே ஒரு முறை எடுத்தாலும் உயிர் போகக்கூடும், ஏனென்றால் உடம்பு அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே போகும் ஒவ்வொருவருக்கும், அவருடைய வீட்டாருக்கும் இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

யாருக்காகப் பண்ணை?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1985இல் ஒரு வழக்கு தீர்ந்தது. ஆலமோ அறக்கட்டளை என்ற மத அமைப்பு, பன்றிப் பண்ணைகள், பெட்ரோல் நிலையங்கள், கடைகள் எனப் பல தொழில்களை நடத்திவந்தது. அவற்றில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் முன்பு போதையிலும் குற்றத்திலும் கிடந்து, அந்த அமைப்பால் மனம் திரும்பியவர்கள். கையில் சம்பளம் கிடையாது. உணவு, உடை, தங்குமிடம் மட்டும். தாங்கள் ஊழியமாகத்தான் இதைச் செய்கிறோம் என்று அவர்களே சாட்சி சொன்னார்கள். ஆனாலும் தொழிலாளர் சட்டத்தின்படி அவர்கள் பணியாளர்களே, குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மீட்பு என்ற பெயரில் கூலியில்லா உழைப்பைக் கறந்துகொள்ளும் சபலம் எந்தப் பண்ணைக்கும் வரலாம், நல்லெண்ணத்தோடு தொடங்கிய இடத்துக்கும்கூட. ஆகவே பிள்ளையைச் சேர்க்குமுன் கேளுங்கள். நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை? ஆலோசகர் யார், அவருக்கு என்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை முறை சந்திப்பார்? பாலையும் காய்கறியையும் விற்ற பணம் எங்கே போகிறது? உடம்பு சரியில்லாதபோது ஓய்வு உண்டா? வேலையைத் தண்டனையாகக் கொடுப்பதுண்டா? அவர் விரும்பினால் வெளியேற முடியுமா, வீட்டாரோடு தனியாகப் பேச முடியுமா? இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் எவ்வளவு இனிமையான பாடல் கேட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொரு தரப்பின் நலனும் இருக்கிறது. மாடும் ஆடும் சிகிச்சைக் கருவிகள் அல்ல. ஆத்திரம் கட்டுப்படாத ஒருவரைத் தனியாகக் கன்றுகளிடம் விடக் கூடாது. காளையிடம் புதியவரை அனுப்பவே கூடாது. நோய்ப்பட்ட மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் வர வேண்டும், 'பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிடுவது பாவம். கால்நடை மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பொறுப்பாளரே வைத்துக்கொள்ள வேண்டும்: மயக்க மருந்தான கெட்டமைன், ஊசிகள், ஸ்பிரிட் எல்லாம் அங்கேதான் இருக்கும். பராமரித்த விலங்கு இறந்துபோகும் நாளும் வரும். முன்பெல்லாம் துக்கம் வந்தால் பாட்டிலைத் தேடியவருக்கு, துக்கத்தைத் தெளிந்த புத்தியோடு தாங்கும் முதல் அனுபவமாக அது இருக்கலாம். அன்று அவரைத் தனியே விடாமல், குழி தோண்டும்போது கூட நின்று, இரவில் கூட உட்கார்ந்திருப்பது மற்றவர்களின் கடமை.

கைமாற்றம்

கிளம்பும் காலம் நெருங்கும்போது நல்ல பண்ணைகளில் ஒரு வேலை தரப்படும்: உங்கள் மாட்டைப் புதியவருக்குப் பழக்கிவிட்டுப் போங்கள். நான் முன்பு சொன்ன காவல் தூதர் பொறுப்பு இப்போது இவருக்கு வருகிறது. பசுவுக்குக் கை மாறுவது பிடிக்காது. சில நாட்கள் பால் குறையும். அதனால் இரண்டு வாரம் இருவரும் சேர்ந்தே வருவார்கள். முதலில் இவர் கறப்பார், அவர் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பார். பிறகு ஆளுக்கு இரண்டு காம்பு. பிறகு அவர் கறப்பார், இவர் தலைமாட்டில் நிற்பார்.

கை நடுக்கம் இன்னும் முழுதாக அடங்காத அந்தப் புதியவர் வாளியைச் சற்று ஓங்கியே வைக்கிறார். பசு ஓரெட்டு விலகுகிறது. ஓராண்டுக்கு முன் இதே இடத்தில் இதே போல் வாளியை வைத்தவர் எழுந்து வருகிறார்.

"இடது பக்கம் வந்தால்தான் நிற்பாள். வரும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுங்கள், திடுக்கிடமாட்டாள். பின்காம்பு ஒன்று கொஞ்சம் இறுக்கம், அதைக் கடைசியில் கறங்கள். அவசரமில்லை, நான் இங்கேதான் இருக்கிறேன்."